ஆறு சில்லு, இரண்டு கடிதம்

போன மாதம், ஒஸ்லோ ரொம்சோஸில் வளர்ந்த எங்கள் பழைய பிள்ளைகள் குழுவில் ஒரு படம் வந்தது. நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். மேல்மாடி பல்கனி ஒன்றிலிருந்து யாரோ எடுத்த, நிறம் மங்கிய படம். வெறிச்சோடிக் கிடக்கும் கார்த் தரிப்பிடத்தின் நடுவே ஒரு வாகனம். பெட்டி மாதிரி உடம்பு, சுற்றிவரக் கண்ணாடி, ஒரு பக்கத்துக்கு மூன்று சின்னச் சில்லு. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். பின்கண்ணாடியில் ஒரு குட்டித் தலை தெரிகிறது. “உது ஆற்றை அப்பாவின்ரை கூத்து?” என்று பக்கத்துப் புளொக்கில் இருந்தவர் கேட்டிருந்தார். சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. ஒருவர் ‘மீன்தொட்டி’ என்று எழுதினார். அந்தப் பட்டத்தை அந்தக் காலத்தில் அதற்கு வைத்தவரும் அவர்தான்.

நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன். போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் பிறகு உட்கார்ந்தேன். அது இரண்டு வரியில் அடங்கவில்லை. எங்களில் பாதிப்பேர் நகரத்துக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் புல்லு வெட்டிக்கொண்டு, முழங்கால் நோவைப் பற்றிக் கதைக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். இந்த வயதில் ஒரு நீளமான கடிதத்தைப் பொறுமையாக வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அது எங்கள் அப்பாவின் கார். அதை அவர் கடையில் வாங்கவில்லை, கையால் கட்டினார். ஆனால் படத்தில் ஓட்டுகிறவர் அப்பா இல்லை, என் சித்தப்பா.

சித்தப்பாவை உங்களில் பலர் கண்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அவர் வெளியே வருவதில்லை. ஊரில் யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் மினிபஸ் ஓட்டியவர். குண்டுவீச்சில் ஒரு துண்டு முதுகில் ஏறி, இடுப்புக்குக் கீழே எல்லாம் அடங்கிவிட்டது. அப்பா எப்படியோ அலைந்து திரிந்து அவரை ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டபோது எனக்கு ஏழு வயது. எங்கள் புளொக்கின் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில்தான் நிற்கும், அங்கிருந்து வீட்டுக் கதவுக்கு ஏழு படி. முதல் வருடம் அப்பா சித்தப்பாவை முதுகில் சுமந்து அந்த ஏழு படியை இறங்கினார். கீழே போனால் மட்டும் என்ன? சக்கர நாற்காலியோடு ஏற ஒரு வாகனம் இல்லை. ஆசுப்பத்திரிக்காரர் அனுப்பும் டாக்சியில் வருடத்துக்கு நாலு தரம் போய் வருவார். மற்ற நாளெல்லாம் யன்னலோரம்.

அந்த யன்னலிலிருந்து பஸ் போகும் வீதி தெரியும். கண்ணை மூடிக்கொண்டே பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு, “இவன் ரெண்டாம் கியரிலை கன நேரம் நிக்கிறான், பிள்ளை. எஞ்சின் பாவம்” என்பார். பனிக்காலத்தில் ஏற்றத்தில் சில்லுச் சறுக்கும் சத்தம் கேட்டால் அவருடைய வலது கை தானாக அசையும். ஒரு மனிதன் எதை இழந்தான் என்பதை அவன் கையைப் பார்த்தே சொல்லலாம். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. எல்லாரும் காலைத்தான் பார்த்தார்கள்.

அப்பா ஊரில் தண்ணீர்ப் பம்பும் மோட்டார் சைக்கிளும் திருத்தியவர். இங்கே பஸ் டிப்போவில் பஸ் கழுவினார். ஒரு கலியாணத்துக்கு லண்டன் போன இடத்தில், கூட்டாளி ஒருவரின் கொல்லைப்புறத்தில் இந்த வண்டியின் எலும்புக்கூட்டைக் கண்டாராம். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் ஒரு சிறு பட்டறை, புருசனும் பெண்சாதியுமாக நடத்தினார்கள். சதுரக் குழாயில் செய்த சட்டம், கண்ணாடிப் பலகைகள், கண்ணாடிநார்த் துண்டுகள், கையால் வரைந்த படங்களோடு ஒரு கொப்பி என்று ஒரு பொதி அனுப்புவார்கள். எஞ்சினையும் சில்லையும் பழைய சின்னக் கார் ஒன்றிலிருந்து கழற்றி நாங்களே பூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டாளி வாங்கிப் பாதியில் அலுத்துப்போய் விட்டிருந்தார். அப்பா அலுக்கவில்லை. எஞ்சின் முன்னுக்கு, இழுப்பதும் முன்சில்லு. அதனால் பின்னுக்கு வண்டியின் நிலம் நீளமாக, சப்பையாக, முழங்காலுக்கும் கீழே இருந்தது.

“பின்கதவைத் திறந்து ரெண்டு பலகை வைச்சாச் சரி. தம்பியைக் கதிரையோடை அப்பிடியே தள்ளி ஏத்தலாம்” என்று அம்மாவிடம் சொன்னார்.

“அதுக்கேன் ஆறு சில்லு?”

“சில்லு சின்னன். சின்னன் எண்டபடியால்தான் நிலம் பதிவு. பாரத்தை நாலும் ரெண்டுமாப் பிரிச்சுத் தாங்கும்.”

“ஊருலகத்திலை எல்லாருக்கும் நாலு சில்லு. இவருக்கு மட்டும் ஆறு,” என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்த இலையுதிர் காலத்தில் கூட்டாளி ஒரு வான் வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் புளொக்கின் வக்த்மெஸ்தர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நோர்வேஜியர், நிலக்கீழ்க் கராச்சில் ஒரு மூலையைத் தந்தார். நல்ல மனிதர். மேலுதட்டுக்குள் எப்போதும் ஒரு புகையிலைப் பொட்டலம் இருக்கும், அதனால் சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பார். அப்பாவின் நோர்வேஜியன் பஸ் கழுவப் போதும், இதற்குப் போதாது. ஆகவே ஒன்பது வயதில் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் டாக்டரிடமும் வங்கியிலும் பெற்றோர் கூட்டத்திலும் அதைத்தான் செய்தீர்கள். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் ஒரு குழாய். ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் வரும். குழாய்க்குள் எதுவும் தங்காது என்று நினைத்தார்கள்.

முதல் வாரமே வக்த்மெஸ்தர் கேட்டார். “ஏன் இவ்வளவு பாடு? நடக்க ஏலாதவர்களுக்கு அரசாங்கம் வாகனம் கொடுக்குமே. அது அவருடைய உரிமை, பிச்சை இல்லை என்று அப்பாவிடம் சொல்லு.”

நான் சொன்னேன். அப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“என்ரை தம்பிக்கு நான் இருக்கிறன் எண்டு சொல்லு.” பிறகு கொஞ்சம் யோசித்தார். “இல்லை, அப்பிடிச் சொல்லாதை. கேட்டிருக்கிறம், இன்னும் பதில் வரேல்லை எண்டு சொல்லு.”

நான் அப்படியே சொன்னேன். அப்பா சொல்லித் தந்த பொய்தான், ஆனாலும் என் வாயால் நோர்வேஜியனில் போன முதல் பொய் அது. இன்றைக்கு யோசித்தால் அப்பாவில் கோபம் வருகிறது. அவருக்குக் கை நீட்டிக் கேட்பது என்றால் உயிர் போய்விடும். உரிமைக்கும் கை நீட்டலுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் எங்கள் ஆட்கள் பலர் இந்த நாட்டில் முதுகு முறிந்தார்கள்.

பனிக்காலம் முழுக்க கராச்சில் பிசின் மணம். கண்ணாடிநாரை ஒட்டும் அந்தப் பிசின் மூக்கில் ஏறினால் சோற்றிலும் அதே மணம் வரும். ஆணிகளும் மூடிகளும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் தரம்பிரித்து வைக்கப்பட்டிருக்கும். குழாய்ச் சட்டத்தைத் தொட்டால் குளிரில் விரல் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் வந்து புத்தி சொல்வார்கள். ஆளுக்கொரு ஸ்பானரை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள், அம்மாவின் தேநீரை மட்டும் வைக்க மாட்டார்கள். அப்பா சட்டத்துக்குக் கீழே படுத்துக் கிடப்பார்.

சாப்பாட்டு நேரத்தில் அன்றன்றைக்குச் செய்ததைச் சித்தப்பாவுக்கு விபரிப்பார். சித்தப்பா காரைக் காணாமலே அதன் ஒவ்வோர் ஆணியையும் அறிந்திருந்தார்.

“நீ பின்னாலை ராசா மாதிரி இருந்து வரலாம். சுத்திவரக் கண்ணாடி. எல்லாம் தெரியும்.”

“ஓம், அண்ணை” என்பார் சித்தப்பா. பிறகு கேட்பார், “கியர் எப்பிடி? இறுக்கமோ? ஸ்டியரிங் எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம்தான். ஊரிலை மாதிரி.”

“ஊரிலை மாதிரி,” என்று சித்தப்பா மெல்லத் திருப்பிச் சொன்னது நினைவிருக்கிறது. பின்னால் இருந்து வருவதைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

மார்ச் மாதம் ஒருநாள் பள்ளியால் வந்தபோது வீட்டில் சித்தப்பா மட்டும் இருந்தார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. சித்தப்பாவின் மடியில் பிரித்த கடித உறை ஒன்று. “பிள்ளை, இதை வாசி. முழுக்க வாசி” என்றார். அவருக்குக் கையும் தோளும் பிடித்துப் பயிற்சி கொடுக்க வரும் நோர்வேஜியப் பெண், அவரிடம் கையெழுத்து வாங்கி விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். அது என்ன விண்ணப்பம் என்று அவருக்கு அரைகுறையாகத்தான் விளங்கியிருந்தது.

நான் தரையில் உட்கார்ந்து வாசித்தேன். வாகனம் அனுமதிக்கப்பட்டுள்ளது. கதிரையோடு ஏறி இறங்க ஒரு தூக்கும் பலகை பூட்டித் தரப்படும். கையால் இயக்கும் பிரேக்கும் வேகமும். கற்றுக்கொடுக்க ஒரு ஆசிரியர் வருவார். யூன் மாதக் கடைசிக்குள் இந்தத் தாளில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி காலாவதியாகும்.

“கையாலை எண்டா? நான் ஓட்டுறதோ?”

“ஓம் சித்தப்பா. நீங்கள்தான் ஓட்டுறது.”

“திருப்பி வாசி.”

மூன்று தரம் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. பெரிய ஆட்கள் அப்படி அழுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கீழே ஒரு பஸ் ஏற்றம் ஏறிப் போனது.

பிறகு கடிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பாட்டுக் கசெட் பெட்டிக்குள் வைத்தார். “அப்பாவுக்குச் சொல்லாதை” என்றார். “அண்ணன் ரெண்டு கையும் வெடிக்க வேலை செய்யிறான். இப்ப இதைக் காட்டினா அவன்ரை மனம் விட்டுப் போகும். அவன்ரை கார் முதல் பாஸ் ஆகட்டும். அதிலை ஒருக்கா ஏறிப் போட்டு, பிறகு இதைச் சொல்லுவம். யூனுக்கு இன்னும் கன நாள் கிடக்கு.”

அப்பாவை ‘அண்ணன்’ என்று அவர் என்னிடம் சொன்னதே அன்றுதான். தானும் ஒரு சின்னப் பிள்ளை போல அப்படிச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மே மாதம் கார் முடிந்தது. வீதியில் ஓட இலக்கத் தகடு வேண்டும், தகட்டுக்கு வாகனப் பரிசோதனையில் தேற வேண்டும். போகிற நாள் காலையில் அம்மா கண்ணாடியெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தார். சில்லுக்குக் கீழே வைத்து நசிக்கத் தேசிக்காயும் வாங்கி வந்திருந்தார், பழக்கத்தில் நாலு. கீழே வந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் கையைப் பிசைந்தார். கடைக்கு ஓட நேரமில்லை. மேலே போய் இரண்டு சின்னத் தோடம்பழத்தைக் கொண்டுவந்து கடைசிச் சில்லு இரண்டுக்கும் வைத்தார். நாங்கள் காரைத் தள்ளினோம். நாலு தேசிக்காய் நசிந்தது, இரண்டு தோடம்பழம் வெடித்து அப்பாவின் ஒரே நல்ல காற்சட்டையில் தெறித்தது. வக்த்மெஸ்தர் ஒரு பக்கத்தால் சிரித்துக்கொண்டே காரைத் தன் டிரெயிலரில் ஏற்றினார். பின்னால் நடந்ததுக்கெல்லாம் காரணம் அந்தத் தோடம்பழம்தான் என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். சிரிக்கலாம். ஆனால் மற்றவர்கள் தங்கள்மேல் போட்டுக்கொண்ட பழியோடு பார்த்தால் அவருடையது மிகவும் லேசானது.

பரிசோதித்தவர் ஓய்வுக்குக் கிட்டிய வயதுக்காரர். காரை இரண்டு தரம் சுற்றி வந்தார். முழங்காலில் இருந்து கீழே பார்த்தார். பின்கதவைத் திறந்து பலகையை இறக்கிப் பார்த்தார். எழுந்து துணியால் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பேசினார். “இவ்வளவு கவனமாகக் கட்டப்பட்ட ஒன்றை இங்கே நான் கண்டதில்லை என்று அப்பாவிடம் சொல்லு. ஆனால் இந்தக் கண்ணாடியில் பாதுகாப்பு முத்திரை இல்லை. சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று செய்தவர்களின் சான்றிதழ் இல்லை. இதற்குள் நடக்க ஏலாத ஒருவரை ஏற்றி வீதிக்கு விட என்னால் முடியாது. சான்றிதழ் கொண்டுவந்தால் திரும்பப் பார்க்கிறேன்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“முதல் சொன்னதைத் திருப்பிச் சொல்லு” என்றார் அப்பா.

“இவ்வளவு கவனமாக் கட்டினதை இஞ்சை கண்டதில்லையாம்.”

அப்பா அந்த மனிதருக்குக் கை கொடுத்தார். திரும்பி வரும்போது டிரெயிலரைப் பார்த்தபடியே வந்தார்.

சான்றிதழ் கேட்டு இங்கிலாந்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. லண்டன் கூட்டாளி நேரே போய்ப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார். பட்டறை பூட்டு, புருசனும் பெண்சாதியும் எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. யூன் தொடக்கத்தில் பரிசோதனை நிலையத்தின் கடிதம் வந்தது. அதைக் கராச்சில் வைத்து அப்பாவுக்கு வாசித்தேன். அங்கீகரிக்கப்படவில்லை. சான்றிதழ் இல்லாமல் மீண்டும் கொண்டுவர வேண்டாம்.

அப்பா காரின் படியில் உட்கார்ந்தார். “சித்தப்பாவுக்குச் சொல்லாதை” என்றார். “பேப்பர் வரும் எண்டு அவன் காத்துக்கொண்டிருக்கிறான். நான் ஏதும் வழி பாக்கிறன்.”

இப்படித்தான் அண்ணன் தம்பி இருவரின் இரண்டு கடிதமும் என்னிடம் வந்து சேர்ந்தன. அண்ணனின் கார் பாஸ் ஆகட்டும் என்று தம்பி காத்திருந்தார். அது இனி ஒருநாளும் பாஸ் ஆகாது என்பதைத் தம்பியிடம் அண்ணன் மறைத்தார். இதில் யாராவது ஒருவரிடம் நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லாதே என்று இருவருமே சொல்லியிருந்தார்கள், நான் கீழ்ப்படிவான பிள்ளை. இரவு படுக்கையில் யூன் கடைசிக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணுவேன்.

பள்ளி விடுமுறைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். நோர்வேஜியர்கள் எல்லாம் மலைவீட்டுக்குப் போய்விட்டார்கள், தரிப்பிடம் காலி. அப்பா சித்தப்பாவைச் சுமந்து ஏழு படி இறங்கினார். “பேப்பர் இன்னும் வரேல்லை. எண்டாலும் வளவுக்குள்ளை ஒருக்கா ஓடிப் பாப்பம்.” சித்தப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டிருந்தார்.

அன்றுதான் அவர் காரை முதன்முதல் கண்டார். கதிரையைத் தானே உருட்டிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சில்லையும் தொட்டார். ஆறையும் தொட்டார். “அண்ணை, நீ பெரிய ஆள்” என்றார். அப்பா பலகையை வைத்து அவரைப் பின்னுக்கு ஏற்றினார். ஒரு வட்டம் ஓட்டினார். நான் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். வெயில் கண்ணாடியால் விழுந்து உள்ளே எல்லாம் சூடாக இருந்தது. வட்டம் முடிந்ததும் சித்தப்பா கேட்டார்.

“அண்ணை, என்னை ஒருக்கா முன்னுக்கு இருத்துவியோ?”

“இருத்தலாம். ஓட ஏலாதேடா. உன்ரை கால்...”

“காலை நீ பார். கையை நான் பாக்கிறன்.”

அப்பாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு சித்தப்பாவைத் தூக்கிச் சாரதி இருக்கையில் வைத்து, இடுப்பில் ஒரு சீலைத்துண்டால் கட்டினார். தான் மற்றப் பக்கத்தால் ஏறி, நிலத்தில் குப்புறப் படுத்து, தலையைச் சித்தப்பாவின் காலடிக்குள் விட்டு, ஒரு கையால் கிளச்சையும் மறுகையால் காஸையும் பிரேக்கையும் பிடித்தார். கராச்சில் ஒரு பனிக்காலம் முழுக்கச் சட்டத்துக்குக் கீழே படுத்துப் பழகிய உடம்பு.

“பிள்ளை, ஆள் ஏறியாச்சோ?” என்று சித்தப்பா திரும்பாமல் கேட்டார்.

“ஓம்.”

“அப்ப வெளிக்கிடுவம். அண்ணை, கிளச் அமத்து. இப்ப விடு, மெல்ல மெல்ல. காஸ் கொஞ்சம்.”

முதல் தரம் எஞ்சின் நின்றது. இரண்டாம் தரமும். மூன்றாம் தரம் கார் அசைந்தது. சித்தப்பா ஸ்டியரிங்கை உள்ளங்கையால் தேய்த்து வளைத்தார், ஊர் மினிபஸ்காரர் வளைப்பதுபோல. நெல்லியடிச் சந்தி வருது என்றார், வல்லை வெளி வருது என்றார். கீழேயிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது, “என்னடா நடக்குது? ஒண்டும் தெரியேல்லை.” சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று வட்டம் போனோம். அந்த மூன்று வட்டத்தில் எதிலோதான், மேலே பல்கனியில் உங்களில் ஒருவரின் அப்பாவோ அக்காவோ அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்.

அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சித்தப்பாவுக்கு ஓட்ட ஆசை, இன்றைக்கு ஓட்டிவிட்டார், இனி அந்தக் கடிதம் தேவையில்லை. ஒன்பது வயது மூளைக்கு அது சரியான கணக்காகப் பட்டது. விரல் விட்டு எண்ணுவதை நிறுத்தினேன். யூன் கடைசி வந்தது, போனது. நான் நாவல்மரம் இல்லாத நாட்டில் புளுபேரி பொறுக்கி நாக்கை நீலமாக்கித் திரிந்தேன்.

ஓகஸ்டில் சித்தப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். “பிள்ளை, அந்தக் கடிதத்திலை திகதி என்னெண்டு இருந்தது?” சொன்னேன். கலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏன் நினைவூட்டவில்லை என்று கேட்பார் என்று நின்றேன். “சரி, பரவாயில்லை. திருப்பி எழுதுவம்” என்று என் தலையைத் தடவிவிட்டார். அந்தப் பயிற்சிப் பெண் மீண்டும் எழுதினாள். அதற்குப் பதில் வருமுன் பனிக்காலம் வந்தது. சிறுநீரகத்தில் கிருமி என்றார்கள். பெப்ரவரியில் சித்தப்பா ஆசுப்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். முப்பத்து நாலு வயது.

கிரியையெல்லாம் முடிந்து ஒரு வாரத்தில் அப்பா அவருடைய அறையை ஒதுக்கினார். கசெட் பெட்டியிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்து விரித்து, சிறிது நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“இது என்ன எண்டு வாசி.”

நான் இப்போது ஆசுப்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் மொழிபெயர்க்கிறேன். சொன்னதைச் சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, கேட்டதை வெளியே விடக் கூடாது. இத்தனை வருடத்தில் அதில் நான் தவறியதில்லை. நானாக மாற்றிச் சொன்னது வாழ்நாளில் ஒரு தரம்தான்.

“பழைய மருந்துக் கடிதம், அப்பா. ஒண்டுமில்லை” என்றேன்.

அப்பாவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அப்பா “சரி” என்று கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அந்த வசந்தத்தில் வக்த்மெஸ்தர் காரை டிரெயிலரில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே என்று அப்பா கேட்கவில்லை.

அப்பா கடந்த மார்கழியில் போனார், செத்தவீட்டுக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அவருடைய அலுமாரியை ஒதுக்கும்போது, இங்கிலாந்திலிருந்து வந்த அந்தக் கையால் வரைந்த கொப்பி கிடைத்தது. பின்னட்டைக்குள் இரண்டு கடிதம், ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து. வெளியே பரிசோதனை நிலையத்தின் கடிதம், உள்ளே சித்தப்பாவுடையது. முப்பது வருடத்துக்குப் பிறகு அதைத் திரும்ப வாசித்தேன். நோர்வேஜியனில் காருக்கு மூன்றே எழுத்து. டிப்போவிலும் பரிசோதனை நிலையத்திலும் அப்பா தினம் கண்ட சொல். அந்தக் கடிதத்தில் அது பதினொரு இடத்தில் இருந்தது. மருந்து என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அப்பாவுக்கு அன்றே தெரியும். யாரிடமாவது கொடுத்து முழுவதையும் வாசிப்பித்திருப்பார். நான் பொய் சொன்னதும் தெரியும், ஏன் சொன்னேன் என்பதும் தெரியும். ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று எனக்கு இப்போது இருக்கிறது, ஏசியிருந்தாலும் பரவாயில்லை.

குழுவில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஓட்டுகிறவர் என் சித்தப்பா. பின்னுக்குத் தெரியும் குட்டித் தலை நான், இரண்டு கடிதமும் தெரிந்த தலை. அப்பா எங்கே என்று தேடுவீர்கள். படத்தில் தெரிய மாட்டார். அவர் தம்பியின் காலடியில் குப்புறப் படுத்திருக்கிறார், எங்கே போகிறோம் என்று தெரியாமல், தம்பி சொன்ன நேரம் விட்டு, சொன்ன நேரம் அமத்திக்கொண்டு.